இரும்புகாவிப் புரதம்: கண்டறிந்த வரலாறு

குருதியில் இரும்பு உண்டு என்பதனை இன்று கீழ்வகுப்பு மாணவரும் அறிவர். ஆயின் அதனை முதன்முதல் நிறுவியோர் எவ்வாறு நிறுவினர் என்பதை அறிந்தோர் சிலரே. 1746 ஆம் ஆண்டளவில், இத்தாலியிலுள்ள பொலோஞா நகரத்து வைத்தியரான வின்சென்சோ மெங்கினி என்பார் விலங்குகளின் குருதியை உலர்த்தி எரித்து, எஞ்சிய சாம்பலருகே காந்தத்தைக் கொண்டுசென்றார். சாம்பலிலிருந்த துகள்கள் எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. அவ்விரும்பு குருதியின் செந்நிறப் பகுதியிலேயே தங்கியுள்ளது என்பதையும் அவர் காட்டினார். அதன்பின் ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாகக் குருதியின் இரும்பு என்றால் செங்குருதிக் கலங்களின் இரும்பு என்றே கற்றோர் பொருள்கொண்டனர்.

அவர்கள் கொண்டது பெரும்பான்மையும் சரியே. வளர்ந்த ஒருவரின் உடலில் 3 முதல் 4 கிராம் வரை இரும்பு உண்டு. அதில் மூன்றில் இரண்டு பங்களவு செங்கலங்களிலுள்ள ஈமோகுளோபினில் அடங்கும். செங்கலங்களை நீக்கியபின் எஞ்சும் மஞ்சள் நிறத் திரவத்திலோ, உடலிலுள்ள குருதி முழுவதையும் சேர்த்துப் பார்த்தாலும், 3 அல்லது 4 மில்லிகிராம் இரும்பே இருக்கும். அஃதாவது மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இந்த ஆயிரத்திலொரு பங்கினைப் பற்றியதே இக்கட்டுரை. அளவிற் சிறிதாயினும் இதனை விளங்கிக்கொள்ள மனிதருக்கு நெடுங்காலம் சென்றது. விளங்கியபின்னும் அதிற் பாதியை மறந்தமையால் நேர்ந்த இழப்பும் சிறிதன்று.

இவ்விரும்பின் இன்றியமையாமையை முதலிற் கூறுதல் வேண்டும். செங்கலம் ஒன்று ஏறத்தாழ 120 நாட்கள் வாழும். நாள்தோறும் முதுமையடைந்த கலங்கள் மண்ணீரலிலும் ஈரலிலும் அழிக்கப்படுகின்றன. அவற்றினிடத்தை நிரப்ப எலும்பு மச்சை புதிய கலங்களை ஆக்குகின்றது. இதற்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் வரை இரும்பு தேவை. உணவிலிருந்து குடல் உறிஞ்சுவதோ 1 அல்லது 2 மில்லிகிராம் மட்டுமே. ஏனையது முழுவதும் அழிந்த கலங்களின் இரும்பு. அது குருதித் திரவத்தின் வழியாகவே மச்சைக்குத் திரும்பிச் செல்லவேண்டும். திரவத்திலுள்ள மூன்று நான்கு மில்லிகிராம் இரும்பு நாளுக்குப் பன்முறை மாறிமாறி இறங்கி ஏறினாலன்றி இக்கணக்கு நேராகாது. தொட்டி சிறிது, ஆயினும் துலா ஓயாது இறைக்கின்றது.

இரும்போ தனித்துச் செல்லும் இயல்புடையதன்று. ஒட்சிசன் கலந்த நீரில் அது மூவலுவுள்ள இரும்பாக மாறித் துருவாகப் படியும். படியாது சிறிதளவு கரைந்து நின்றாலும், ஒட்சிசனின் தீவிர உறுப்புக்களைத் தோற்றுவித்துக் கலச் சுவர்களைச் சிதைக்கும். ஆகவே அதனைச் சுமந்துசெல்ல ஏதோவொன்று வேண்டும் என்பது தர்க்கத்தால் எவரும் உய்த்துணரக் கூடியதே. உய்த்துணர்தல் வேறு, காணுதல் வேறு.

காணும் முயற்சி 1925 இல் தொடங்கிற்று எனலாம். பிரான்சு நாட்டினரான பொன்டெ, திவொல் என்னும் இருவர், குருதி உறைந்தபின் பிரியும் நீர்ப்பாயத்தில் ஈமோகுளோபினைச் சாராத இரும்பு உண்டு என்றும், விலங்குகளிற் குருதிச்சோகையை உண்டாக்கியபோது அது குறைகின்றது என்றும் அளந்து காட்டினர். ஜேர்மனியரான பார்க்கன், இவ்விரும்பு மெல்லிய சவ்வின் ஊடாக வெளியேறாது என்றும், அமிலம் சேர்த்தால் எளிதில் விடுபடும் என்றும் கண்டார். சவ்வினூடு செல்லாத பொருள் பெரிய மூலக்கூறொன்றுடன் பிணைந்திருத்தல் வேண்டும். 1933 இல் பிராக் நகரத்து மருந்தியற் பேராசிரியரான எமில் ஸ்டார்க்கென்ஸ்டைன் என்பாரும் ஹார்வலிக் என்பாரும் அம்மூலக்கூறு குளோபுலின் வகைப் புரதமே என உரைத்தனர். 1937 இல் ஜேர்மனியரான ஹைல்மையரும் பிளோட்னரும் நீர்ப்பாய இரும்பு பற்றியும் இரும்புக் குறைநோய் பற்றியும் நூலொன்று வெளியிட்டனர். அந்நூல் வைத்திய உலகில் நெடுங்காலம் பயிலப்பட்டது.

இவ்விடத்து ஒரு செய்தியைக் கூறாது கடந்துசெல்ல மனம் ஒருப்படவில்லை. ஸ்டார்க்கென்ஸ்டைன் யூதர். நாசிகள் அவரைச் சிறைப்படுத்தி, 1942 இல் மவுதவுசன் வதைமுகாமிற் கொன்றனர். ஹைல்மையருடன் நூல் எழுதிய பிளோட்னரோ தாக்கௌ வதைமுகாமிற் கைதிகள்மீது கொடிய சோதனைகள் நடத்திய நாசி வைத்தியருள் ஒருவரானார். ஒரே துறையில், சில ஆண்டு இடைவெளியில், ஒரே பொருளை ஆராய்ந்தவர்கள் இவர்கள். அறிவியல் வரலாற்று நூல்களில் இருவர் பெயரும் அடுத்தடுத்த வரிகளிற் காணப்படும். அந்நூல்கள் இதனைச் சொல்வதில்லை.

இதுகாறும் கூறியது வைத்தியர் சென்ற வழி. இரும்பு எவ்வாறு செல்கின்றது என்பதே அவர்தம் வினா. இப்புரதத்தை ஐயமறக் கையிற் பிடித்தவர்களோ முற்றும் வேறான வினாவொன்றோடு வந்தவர்கள். அமெரிக்கரான ஆதர் ஷேட், லியோனா கரோலைன் என்னும் இருவரும் நுண்ணங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். கோழிமுட்டையின் பச்சை வெண்கருவில் வயிற்றளைச்சற் கிருமி முதலிய பற்றீரியாக்களும் மதுவமும் வளர்வதில்லை. ஏன்? வெண்கருவிற் கிருமிகளைக் கரைக்கும் பொருளொன்று உண்டென்பது முன்னரே தெரிந்ததாயினும், இத்தடைக்கு அது முழு விடையாகவில்லை. அவர்கள் பற்பல ஊட்டப் பொருள்களையும் கனியுப்புக்களையும் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தனர். இரும்பைச் சேர்த்தபோது மட்டும் தடை நீங்கிக் கிருமிகள் வளர்ந்தன. எனவே வெண்கருவிலுள்ள ஏதோவொன்று கிருமிகளைக் கொல்லவில்லை. அவற்றுக்கு எட்டாதவாறு இரும்பைப் பற்றிக்கொண்டிருந்தது. 1944 இல் இம்முடிபு வெளியாயிற்று. கொன்அல்புமின் என முன்னரே பெயர்பெற்றிருந்த வெண்கருப் புரதமே அப்பற்றுதலைச் செய்வது என்பதை வேறு ஆய்வாளர் 1946 இல் நிறுவினர்.

முட்டையிலிருந்து குருதிக்கு வந்தது போரின் விளைவு. இரண்டாம் உலகப் போரிற் காயமுற்ற வீரருக்கு அளிப்பதற்காக, ஹாவாட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வின் கோன் என்பார் மனிதக் குருதித் திரவத்தை மதுசாரத்தின் உதவியாற் பல பகுதிகளாகப் பிரிக்கும் முறையொன்றை ஆக்கியிருந்தார். வேண்டப்பட்டது அல்புமின், ஏனைய பகுதிகள் எஞ்சின. அப்பகுதிகளை ஷேட்டும் கரோலைனும் பெற்று, வெண்கருவுக்குச் செய்த அதே சோதனையைச் செய்தனர். நாலாம் பகுதியின் ஓர் உட்பிரிவு கிருமிகளைத் தடுத்தது. இரும்பு சேர்த்ததும் தடை அகன்றது. இரும்பைப் பற்றியதும் நிறமற்ற கரைசல் இளஞ்சிவப்பாயிற்று. குருதித் திரவத்தில் இரும்பைப் பிணைக்கும் கூறு ஒன்றுண்டு என 1946 இல் அவர்கள் அறிவித்தனர்.

பொருள் கிடைத்தது, பெயர் பற்றிய வழக்கு எழுந்தது. சுவீடன் நாட்டினரான ஹொல்ம்பேர்க், லோரெல் ஆகிய இருவர் வைத்தியர் வழியிலேயே இதே புரதத்தை அடைந்து, 1947 இல் திரான்சுபெரின் எனப் பெயரிட்டனர். இலத்தீனில் கடத்தலையும் இரும்பையும் குறிக்கும் சொற்களின் சேர்க்கை இது. தமிழில் இரும்புகாவி எனலாம். ஷேட் முதலியோர் 1949 இல் வழங்கிய பெயர் சிடெரோபிலின் என்பது. கிரேக்க மொழியில் இரும்பை விரும்புவது என்பது அதன் பொருள். ஹாவாட் ஆய்வாளரோ உலோகம் சேர்க்கும் பீற்றாக் குளோபுலின் என்றனர். சில ஆண்டுகள் மூன்று பெயர்களும் வழங்கின. ஈற்றில் லோரெல் இட்ட பெயரே நின்றது.

பெயரில் என்ன இருக்கின்றது என ஒருவர் வினவலாம். இங்கு நிறைய இருந்தது என்பதே என் துணிபு. காவி என்ற பெயர் நிலைத்ததும், கிருமிகளுக்கு இரும்பை மறுத்தல் என்னும் செயல், எச்செயலாற் புரதம் கண்டறியப்பட்டதோ அச்செயல், வைத்தியப் பாடநூல்களிலிருந்து பெரும்பாலும் மறைந்தது. நம் மொழியிற் காவுதலும் காத்தலும் ஒலியால் நெருங்கி நிற்பன. அது தற்செயலே, எனினும் இப்புரதத்துக்கு அவ்விரண்டும் பொருந்தும்.

புரதத்தின் அமைப்பைச் சுருங்கக் கூறுவோம். இது ஈரலில் ஆக்கப்படுவது. 679 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சங்கிலி. சங்கிலி மடிந்து இரு பாதிகளாக நிற்கின்றது. ஒவ்வொரு பாதியிலும் ஆழ்ந்த பிளவொன்று உண்டு; பிளவொன்றில் இரும்பணு ஒன்று அமரும். இரும்பு தனித்து அமராது. காபனேற்று அயன் ஒன்று உடன்வந்தாலன்றிப் பிணைப்பு உறுதிப்படாது. காபனீரொட்சைட்டின் இப்பங்கினை ஷேட் 1949 இலேயே காட்டியிருந்தார். இரும்பு அமர்ந்ததும் பிளவு சிப்பிபோல மூடிக்கொள்ளும். இதனை எக்ஸ் கதிர்ப் படங்களால் நேரிற் காண 1980 களின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நியூசிலாந்தினரான எட்வேட் பேக்கரும் உடனாய்வாளரும் 1987 இல் இதன் உறவுப் புரதமான, தாய்ப்பாலிலுள்ள இலற்றோபெரினின் அமைப்பை வெளியிட்டனர். மறு ஆண்டில் முயற்குருதித் திரான்சுபெரினின் அமைப்பு இலண்டனிலிருந்து வெளிவந்தது.

இத்துணை இறுகப் பற்றிய இரும்பைக் கலத்துக்கு எவ்வாறு கொடுப்பது? 1959 இல் ஜாண்டில் முதலிய அமெரிக்க ஆய்வாளர், இளஞ் செங்கலங்கள் திரான்சுபெரினிலிருந்து இரும்பைப் பெற்றுக்கொண்டு புரதத்தை மீண்டும் விட்டுவிடுகின்றன எனக் காட்டினர். அதன் நுட்பம் விளங்கியது 1983 இல். கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கி என்னும் புரதம் இரும்பேறிய திரான்சுபெரினைப் பற்றுகின்றது. இரண்டும் ஒரு சிறு பையில் உள்ளிழுக்கப்படுகின்றன. பையினுள் அமிலத்தன்மை மிகுகின்றது. மிகவே பிளவு திறந்து இரும்பு கழல்கின்றது. வெறுமையான புரதம் அவ்வமிலத்தில் வாங்கியை விடாது பற்றி நிற்கும். பை மீண்டும் மேற்பரப்பை அடைந்து, குருதியின் நடுநிலையைத் தொட்டதும் விடுபட்டு அடுத்த சுமைக்குப் புறப்படும். ஈரற்புற்றுக் கலங்களில் அளந்தபோது ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 16 நிமிடம் சென்றது. அமிலத்தால் இரும்பு விடுபடும் எனப் பார்க்கன் பரிசோதனைக் குழாயிற் கண்டதனை உடல் தன் கலத்துள்ளேயே செய்கின்றது.

இப்புரதம் இல்லாது பிறந்தால் என்னாகும்? 1961 இல் ஹைல்மையர் ஏழு வயதுச் சிறுமியொருத்தியின் நோயை விவரித்தார். அவள் குருதியில் திரான்சுபெரின் இல்லை. கடுங் குருதிச்சோகையால் அவள் வெளிறியிருந்தாள். அதே வேளை அவளது ஈரல் முதலிய உறுப்புக்களில் இரும்பு மிதமிஞ்சிப் படிந்திருந்தது. எலும்பு மச்சை இரும்பின்றி வாட, ஈரல் இரும்பால் நிறைந்தது. நெல் களஞ்சியத்தில் இருக்க ஊர் பட்டினி கிடந்த நிலை அது. சிறுமி பிழைக்கவில்லை.

இனி மறந்த பாதிக்கு வருவோம். நலமுள்ள ஒருவரின் குருதியிலுள்ள திரான்சுபெரினில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இருக்கைகளே இரும்பால் நிரம்பியிருக்கும். மூன்றில் இரண்டு பங்கு வெறுமையாயிருக்கும். சுமப்பது மட்டுமே தொழிலாயின் இத்துணை வெற்று வண்டிகள் எதற்கு? வெற்றிருக்கைகளே காவல். எங்கேனும் ஓர் இரும்பணு கழன்று திரிந்தால் அதனை உடனே பற்றுவதற்கு அவை காத்திருக்கின்றன. இதனால் குருதித் திரவத்தில் கட்டற்ற இரும்பு இல்லை என்றே கூறலாம். கிருமிகளோ பெரும்பாலும் இரும்பின்றிப் பெருக மாட்டா.

இரும்பு எல்லார்க்கும் எக்காலத்தும் நன்றன்று என்னும் ஐயம் பழையது. இரும்பு மருந்துகள் சோகைக்கு நல்லன என்பதைக் கீழைத்தேயத்தாரும் மேலைத்தேயத்தாரும் அறிந்திருந்தனர். சித்த வைத்தியர் பாண்டு நோய்க்கு அயச்செந்தூரம் கொடுத்தனர். பிரான்சில் 1832 முதல் புளோடு என்பாரின் இரும்பு மாத்திரை புகழ்பெற்றிருந்தது. அதே நாட்டினரான துரூசோ என்னும் பெருவைத்தியரோ காசநோய் மறைந்து கிடப்பவர்க்கு இரும்பு கொடுத்தால் நோய் கிளர்ந்தெழும் எனத் தம் மாணவரை எச்சரித்தார். காரணம் அவர்க்குத் தெரியாது. காரணம் தெரிந்த பின்னரும் எச்சரிக்கை பரவவில்லை என்பதே வியப்பு.

1970 இல் நைஜீரியாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. புரதக் குறைவால் உடல் வீங்கும் குவாசியோக்கர் நோயுற்ற குழந்தைகளுள் இறந்தோரின் குருதியில், பிழைத்தோரினும் திரான்சுபெரின் மிகக் குறைந்திருந்தது. ஈரலுக்குப் புரதமாக்கப் பொருளில்லை. ஆதலின் காவலர் இல்லை. அந்நிலையில் சோகை நீக்கும் நன்னோக்கத்தோடு கொடுக்கப்படும் இரும்பு கிருமிகளுக்கே உணவாகியிருக்கலாம் என ஆய்வாளர் ஐயுற்றனர். 1978 இல் சோமாலிய நாடோடி மக்களிடையே நடந்த ஆய்வொன்றில், வெறும் மாத்திரை பெற்றோரிடத்து 7 தொற்றுக்களும் இரும்பு பெற்றோரிடத்து 36 தொற்றுக்களும் காணப்பட்டன. உறங்கிக் கிடந்த மலேரியாவும் காசமும் அவற்றுள் அடங்கும். துரூசோ கூறியது மீண்டும் கண்முன் நிகழ்ந்தது. இதற்கிடையில் அமெரிக்கரான வைன்பேர்க் இரும்பை மறுத்தலை உடலின் ஒரு தற்காப்பு முறை என்றே 1975 இல் எழுதினார்.

இவற்றையெல்லாம் மீறி, சிறு குழந்தைகள் யாவர்க்கும் இரும்பு கொடுத்தல் நன்றே என்னும் கொள்கை நிலவிற்று. அதற்குத் தக்க காரணமும் உண்டு. இரும்புக் குறைவு குழந்தையின் அறிவு வளர்ச்சியைத் தடுக்கும் என்பது பொய்யன்று. சன்சிபாரைச் சேர்ந்த பெம்பாத் தீவில், மலேரியா மிகுந்த சூழலில், இருபத்துநாலாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டு அக்கொள்கை சோதிக்கப்பட்டது. முடிபு 2006 இல் வெளிவந்தது. இரும்பும் போலிக் அமிலமும் பெற்ற குழந்தைகளிடத்து மரணமோ மருத்துவமனைச் சேர்க்கையோ நூற்றுக்கு 12 பங்கு மிகுந்திருந்தது. அதனால் இரும்பு கொடுத்தல் இடையிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. ஆயினும் இச்சோதனையின் ஒரு கிளையாய்வில், முன்னரே இரும்புக் குறைவுற்றிருந்த குழந்தைகள், மலேரியாவுக்கு நல்ல சிகிச்சையும் கிடைத்தவிடத்து, இரும்பால் நன்மையே பெற்றனர். குற்றம் இரும்பினதன்று; காவலின் நிலையை அறியாது கொடுத்தமையே. மலேரியா மிகுந்த இடங்களில் அந்நோயைத் தடுத்தலோடும் தீர்த்தலோடும் சேர்த்தே இரும்பு கொடுக்கவேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பின்னர் அறிவுறுத்தியது. கடும் ஊட்டக்குறைவுற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சையின் முதற் கட்டத்தில் இரும்பு கொடுக்கலாகாது என்பதும் அதன் விதியாகும்.

நம் நாட்டிலும் இக்காவல் உடைவதைக் காண்போர் உளர். தலசீமியா நோயாளருக்குக் குருதி ஏற்றியே உயிர் காக்கவேண்டும். அவர்களுக்கென இலங்கையின் தேசிய நிலையம் குருநாகலில் அமைந்துள்ளது. ஒருமுறை ஏற்றும் ஒரு பொதிக் குருதியில் 200 மில்லிகிராமுக்கு மேற்பட்ட இரும்பு உண்டு. அதனை வெளியேற்ற உடலுக்கு வழியில்லை. நாளடைவில் திரான்சுபெரினின் இருக்கைகள் யாவும் நிரம்பி, இடம்பெறாத இரும்பு இதயத்திலும் ஈரலிலும் சென்று படிகின்றது. இதற்கு நெடுங்காலமாக அளிக்கப்பட்டுவரும் டெஸ்பெரியொக்சமின் என்னும் மருந்து மண்ணில் வாழும் ஒரு பற்றீரியாவிடமிருந்து பெறப்பட்டது. அப்பற்றீரியா தன் சூழலிலிருந்து இரும்பைக் கவர்வதற்கு ஆக்கிய கருவியையே மனிதன் மருந்தாக்கினான். அம்மருந்தைப் பெறுவோரிடத்துச் சில கிருமிகள் அதனையே பயன்படுத்தி இரும்பு பெற்றுக் கொடுந் தொற்று விளைத்தலும் உண்டு.

நுண்ணங்கிகள் வேறு வழியும் கண்டுள்ளன. மூளையுறை அழற்சியை உண்டாக்கும் பற்றீரியா, மனிதத் திரான்சுபெரினையே நேரிற் பற்றி இரும்பைப் பறிக்கும் புரதமொன்றைத் தன் மேற்பரப்பிற் கொண்டுள்ளது. 2014 இல் பார்பர், எல்டே என்னும் அமெரிக்க ஆய்வாளர் மனிதன், குரங்கு முதலிய இனங்களின் திரான்சுபெரின்களை ஒப்புநோக்கினர். நெடுங்காலப் பரிணாமத்தில் விரைந்து மாறிய இடங்கள் பெரிதும் அப்பற்றீரியப் புரதம் தொடும் இடங்களாகவே இருந்தன. இரும்பு அமரும் இடமோ மாறாது நின்றது. சுமக்கும் தொழிலைக் கைவிடாமலே கள்வரிடமிருந்து தப்புதற்குரிய மாற்றங்கள் அப்புரதத்தில் எழுதப்பட்டுக் கிடந்தன.

சோகை என ஐயுற்று வைத்தியர் குருதிச் சோதனைக்கு அனுப்பினால், திரும்பி வரும் அறிக்கையில் நீர்ப்பாய இரும்பு என்னும் வரியின் கீழே மொத்த இரும்பு பிணைக்கும் கொள்ளளவு என்று இன்னொரு வரி இருக்கும். இவ்விரண்டையும் ஒப்புநோக்கியே வெற்றிருக்கைகள் எத்தனை என்று வைத்தியர் கணிக்கின்றார். அவ்விரண்டாம் வரியில் திரான்சுபெரின் என்ற பெயரும் இல்லை, சிடெரோபிலின் என்ற பெயரும் இல்லை. 1946 இல் ஷேட்டும் கரோலைனும் தங்கள் கண்டுபிடிப்புக்குச் சூட்டிய, இரும்பைப் பிணைக்கும் கூறு என்னும் அந்தப் பழைய தொடரின் சொற்களே அங்கு நிற்கின்றன.